ஒரு கை தூக்கும் கனம்

மைசூரு
12-6-2024

தங்கை மாரக்காளுக்கு அண்ணன் மாதப்பன் எழுதுவது.

இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் உன் முழங்காலும் எப்படி என்று எழுது. மார்டள்ளியில் மழை பெய்ததா, மக்காச்சோளம் விதைத்தாயா, யானை இந்த வருஷமும் வேலியைச் சாய்த்ததா என்பதையும் எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். காதில் மாட்டியிருக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் அது விசில் அடிக்கிறது. கழற்றிவிட்டால் உன் குரல் தகரக் கூரையில் மணல் கொட்டுவதுபோல் வருகிறது. நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், கட்டடம் முழுக்க நம் குடும்பக் கதை தெரிகிறது. ஆகவே இனிமேல் தபால்தான். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்கு வந்த தமிழ்நாட்டு பஸ்களின் போர்டைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட தமிழ் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், திருத்தாதே.

தை மாதம் குளியலறையில் விழுந்து, இடுப்பில் கம்பியும் திருகாணியும் வைத்து இந்த மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தார்களே, அதற்குப் பிறகு நான் மண்ணை மிதிக்கவில்லை. லிஃப்ட் அப்போதே நின்றுவிட்டது. குடியிருப்புச் சங்கத்துக் காரியதரிசி ஒவ்வொரு ஞாயிறும் “அடுத்த வாரம்” என்கிறார். மனோஜ்குமாரும் வினிதாவும் வேலைக்குப் போனால் சாயங்காலம்வரை நானும் நாலு சுவரும். சமையலறை பால்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே லிங்காம்புதி கெரெ ஒரு முழ அகலத்துக்குத் தெரிகிறது. ஏரி என்றால் அந்த ஒரு முழம்தான் எனக்கு ஏரி.

அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை உன் மகள் கவனித்திருக்கிறாள். என் மகனுக்குப் பெண் கொடுத்தவள் நீ, அதனால் குற்றத்தை உன்னிடமே சொல்கிறேன். போன வாரம் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே அப்பளம் கனத்துக்கு ப்ளைவுட் தகடுகள். படகின் விலா, அடிக்கட்டை எல்லாம் முன்கூட்டியே வெட்டி, நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் நம்பரை இரண்டாம் நம்பரில் சொருகினால் படகாம்.

“பெரியவங்களும் செய்யறதுதானுங்க மாமா. பெட்டிமேல எட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்குது பாருங்க” என்றாள்.

“எட்டு வயசு எனக்கு எப்பவோ ஆயிருச்சு” என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

எத்தனை பஸ்ஸுக்குக் கூரை போட்ட கை இது. நம்பர் பார்த்துச் சொருக மாட்டேன். படகு செய்யப்போகிறேன், ஆனால் என் படகு. இரண்டரை அடி நீளம், ஒரு பாய். ஒரு கையில் தூக்கும் கனம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இன்னொரு கையில் ஊன்றுகோல். அதைத் தூக்கிக்கொண்டு நானே கீழே இறங்கி, நானே கெரெவில் விடுவேன். அதுவரை வேறு பேச்சில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
மாதப்பன்


மாதேஸ்வரன் காப்பு

மார்டள்ளி
26-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு மாரக்காள் கும்பிட்டு எழுதியது.

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மழை நன்றாகப் பெய்தது. சோளம் ஒரு சாண் வந்துவிட்டது. யானை வரவில்லை, பன்றி வந்தது. உங்கள் சுகத்தை நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்பது ஒரு சுகமா?

படகு செய்வது நல்ல காரியம். சின்னதில் நீங்கள் வாய்க்காலில் விட்டது எல்லாம் முழுகினதுதான், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் போன மாதம் வந்தபோது என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. வினிதா போனில் சொன்னாள். நீங்கள் எழுதுவீர்கள் என்று பார்த்தேன்.

அவளைப் பற்றி எழுதும்போது உன் மகள் என்று எழுதுகிறீர்கள். கல்யாணத்தன்று என் மருமகள் என்று ஊரெல்லாம் சொன்னது நீங்கள்தான். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கச்சி
மாரக்காள்


மைசூரு
15-7-2024

தங்கை மாரக்காளுக்கு,

உன் கடிதம் வந்தது. சுகம் கேட்டிருந்தாய். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, கோபம் வருகிறது. இது போதும் என்று நினைக்கிறேன். உன் காலுக்கு வேப்பெண்ணெய் தேய்.

படகு விஷயம் நான் நினைத்த மாதிரி இல்லை. முதலில் தெர்மாகோல். இரண்டாம் மாடி ஸ்ரீதேவி வீட்டில் புது டிவி வந்த பெட்டிக்குள் இருந்த பலகைகளைக் கேட்டு வாங்கினேன். எடை என்பதே கிடையாது. சூடான கத்தியால் அழகாக வெட்டி, செருப்புக்கடையில் போடுகிற ரப்பர் பசையைத் தடவி ஒட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பசை பட்ட இடமெல்லாம் கரைந்து, பல்லு விழுந்த வாய் மாதிரி குழி குழியாகக் கிடந்தது. அந்தப் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று எந்த டப்பாவிலும் எழுதவில்லை.

அடுத்தது போர்டு எழுதுகிற கடைகளில் வைத்திருக்கும் ஃபோம் பலகை. வெள்ளையாக, வழவழவென்று, தண்ணீருக்கு அசையாதது. வினிதா ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தாள். வெட்ட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படகு முழுவதும் அதில் செய்தால் என் கைக்கு ஆகாது. பேர்தான் ஃபோம், ப்ளாஸ்டிக் கனம், தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு தாங்கவில்லை. மூலையில் சாத்திவிட்டேன்.

மூன்றாவது பால்சா மரம். மனோஜ் போனில் சொல்லி வரவழைத்தான். மரம் என்று சொன்னால் நம்பமாட்டாய். காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு மாதிரி இருக்கும், நகம் பட்டால் பள்ளம் விழும். நான் தகரத்தில் வெட்டுகிற பழக்கத்தில், மிச்சம் விழாமல் இருக்கட்டும் என்று குறுக்கே அளவெடுத்து வெட்டினேன். தகரத்துக்கு நேர், குறுக்கு என்று கிடையாது. இதற்கு இருக்கிறது. விலாவில் வைத்து வளைத்ததும் ரேகை ரேகையாகப் பிளந்து மடியில் விழுந்தது. தகரம் தெரிந்த கைக்கு இது தெரியவில்லை. முழுத் தகட்டையும் பாழாக்கின பிறகுதான் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், வெளிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்து மெதுவாக வளைக்க வேண்டும் என்று புரிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்று நீ நினைப்பாய். சரிதான்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்றார். அவர் என்னைவிட முப்பது வயது சின்னவர். விழுவேன் என்று அவருக்கு யார் சொன்னது?

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இவர்கள் வேலைக்குப் போன பிறகு நான் படி இறங்கிப் பழகுகிறேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடித் திருப்பம்வரை போய் வருகிறேன். முந்தாநாள் ஸ்ரீதேவி கதவைத் திறந்து பார்த்துவிட்டாள். காதருகே வந்து “எல்லி ஹோக்தீரா அஜ்ஜா?” என்று கேட்டாள். எங்கே போகிறாய் என்று என்னை யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? “ஊருக்கு” என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனாள். நல்ல பெண், வாய் திறக்கமாட்டாள்.

படகு முடிந்ததும் ஒருநாள் இறங்கி, ஆட்டோ பிடித்து கெரெவுக்குப் போவேன். மனோஜுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அண்ணன்
மாதப்பன்


மாதேஸ்வரன் காப்பு

மார்டள்ளி
22-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது, உடனே எழுதுகிறேன். நான் சுகம். கேழ்வரகு மாவு பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன், மனோஜ் எடுத்துக்கொள்ளட்டும்.

எந்தத் தேதியில் இறங்குவதாக இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். மாதேஸ்வரனுக்கு ஒரு விளக்குப் போடத்தான்.

தங்கச்சி
மாரக்காள்


மைசூரு
1-8-2024

தங்கை மாரக்காளுக்கு,

மாவு வந்தது. களி கிண்டினார்கள், நன்றாக இருந்தது. விளக்குப் போடுவதாக எழுதினாயே, மனசுக்கு நிறைவாக இருந்தது. தேதி: ஆகஸ்ட் பதினான்கு, புதன்கிழமை. அன்று மனோஜுக்கு நஞ்சன்கூட்டில் வேலை. வினிதாவின் ஆபீஸில் ஏதோ கூட்டம், இருட்டித்தான் வருவாள்.

படகு ஏறக்குறைய ஆகிவிட்டது. விலாக்களுக்கு என்ன செய்தேன் தெரியுமா? கட்டிலுக்கு அடியில் தள்ளின பெட்டியை இழுத்து, அந்த ப்ளைவுட் தகடுகளை எடுத்து, நம்பரையெல்லாம் தேய்த்துவிட்டு என் அளவுக்கு வெட்டிக்கொண்டேன். பக்கங்களும் அடியும் பால்சா. பால்சா தண்ணீரைக் குடிக்கும், அதற்கு மேலே ஏதாவது பூச வேண்டும். வார்னிஷ் அடித்தால் வீடெல்லாம் நாற்றம், மாட்டிக்கொள்வேன். வினிதாவின் அலமாரியில் நிறமில்லாத நகப்பாலிஷ் இருந்தது. ஒரு பூச்சு, உப்புக்காகிதத்தில் ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. மரம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. புட்டி காலி. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அதே நிறமில்லாத புட்டிகள் வரிசையாக இருந்தன. என் மருமகள் விரலுக்கு எப்போதும் சிவப்புதான் பூசுவாள்.

மேல்தளத்துக்குத்தான் யோசித்தேன். மெல்லியதாக, வளைவதாக, நனையாததாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த என் எக்ஸ்ரே படங்கள் பீரோமேல் கிடந்தன. ஒன்றை எடுத்து வெட்டினேன். பசை பிடிக்கவில்லை. ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, நைலான் நூலால் பால்சாவோடு சேர்த்துத் தைத்து, மெழுகு உருக்கி விட்டேன். இப்போது படகின் மேலே என் இடுப்பு எலும்பு தெரிகிறது, கம்பியும் திருகாணியும் உட்பட. வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு மரையும் எண்ணலாம். பழைய குடைத்துணியில் வெள்ளைப் பாய் தைத்திருக்கிறேன்.

விரல் நுனியில் தூக்குகிறேன், மாரக்கா. கையில் ஒன்றும் இல்லாதது மாதிரி இருக்கிறது.

பதினான்காம் தேதிக்குப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்
மாதப்பன்


மைசூரு
19-8-2024

மாரக்காளுக்கு,

பத்தாம் தேதி சனிக்கிழமை வாசல் கிரிலுக்குப் புதுப் பூட்டு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு சாவி மனோஜிடம், ஒரு சாவி ஸ்ரீதேவியிடம். “தீ கீ பட்டா அவங்க தொறப்பாங்கப்பா” என்றான். நான் எரிந்தால் திறப்பார்கள், இறங்க வேண்டுமென்றால் திறக்கமாட்டார்கள்.

“யாருடா சொன்னது?” என்றேன்.

“யாரு சொன்னா என்னங்கப்பா. நான் என்ன ஜெயில் வார்டனா, ஆசைப்பட்டா பூட்டறேன்? ஆபீஸ்ல உக்காந்தா கையும் ஓடல காலும் ஓடலீங்க” என்றான்.

அந்தத் தேதியை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன். அந்த ஆள் விளக்குப் போடுவதாகச் சொன்னாள்.

உன் மகள் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. பதினான்காம் தேதி முழுக்கக் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்து நின்றேன். அவ்வளவுதான் சேதி.

மாதப்பன்


மாதேஸ்வரன் காப்பு

மார்டள்ளி
30-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு மாரக்காள் கும்பிட்டு எழுதியது.

நீங்கள் என் சுகத்தைக் கேட்கவில்லை. நான் உங்கள் சுகத்தைக் கேட்கிறேன்.

விளக்குப் போட்டேன். அது பொய்யில்லை.

நீங்கள் படியில் உருண்டால் ஊரில் யாரும் மாதப்பன் பிடிவாதக்காரன் என்று சொல்லமாட்டார்கள். மருமகள் பார்த்துக்கொள்ளவில்லை என்பார்கள். சாவு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருத்தியும் என் பெண்ணைப் பார்த்துத்தான் உதட்டைப் பிதுக்குவாள். அவள் அதைக் கடைசிவரை சுமப்பாள். நீங்கள் அதைப் பார்க்க இருக்கமாட்டீர்கள், நான் இருப்பேன்.

கீழே விழுந்து கிடக்கிற அண்ணனைவிடக் கோபமாக இருக்கிற அண்ணன் எனக்குப் போதும். கோபம் தீரும்போது எழுதுங்கள்.

தங்கச்சி
மாரக்காள்


மாதேஸ்வரன் காப்பு

மார்டள்ளி
28-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதே “இல்லீங்க்கா” என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார். நான் சுகம். சோளம் கதிர் வாங்கிவிட்டது. இந்தத் தடவை யானை வந்தது. மேற்கு வரப்புப் பக்கம் மிதித்ததோடு போய்விட்டது, தின்னவில்லை.

நீங்கள் சொல்லாததை வினிதா சொன்னாள். குளியலறையில் பெரிய ப்ளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து, படகை விட்டுப் பார்த்தீர்களாம். விட்ட உடனே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டதாம். நிமிர்த்தினால் மறுபடி படுத்ததாம். நீங்கள் தொட்டி ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டீர்களாம், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லையாம். சொல்லிச் சிரித்தாள்.

பரிசல் ஓட்டுகிற நஞ்சம்மா வீட்டில் பாலாற்றில் வீசுகிற வலையை நீர்நாய் கிழித்துவிட்டது. வலையின் ஓரத்தில் கோத்திருந்த ஈயக்குண்டுகளைக் கேட்டு வாங்கினேன். “படகுக்கு அடியில கனம் வேணுமுங்க்கா, இல்லாட்டி படுத்துக்கும். பரிசல்லயே நாங்க கல்லு போட்டுத்தான் போவோம்” என்றாள். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வேண்டாமென்றால் வைத்திருங்கள்.

தங்கச்சி
மாரக்காள்


மைசூரு
15-10-2024

மாரக்காளுக்கு,

ஈயம் வந்தது. என் கோபம் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. படகு விஷயமாக மட்டும் எழுதுகிறேன்.

நஞ்சம்மா சொன்னது சரி. இத்தனை மாதமாக நான் எதில் கனம் குறைக்கலாம் என்று மட்டுமே பார்த்தேன். விலாவில் துளை போட்டுக் குறைத்தேன், தகட்டைத் தேய்த்துக் குறைத்தேன். தண்ணீரில் வைத்ததும் அதற்கு நிற்கத் தெரியவில்லை. பாய் மேலே இழுக்கிறது, கீழே பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. மூலையில் சாத்தியிருந்த வெள்ளை ஃபோம் பலகையை எடுத்து, அடியில் மீன் செட்டை மாதிரி ஒரு துடுப்பு வெட்டி வைத்தேன். அதன் நுனியில் ஈயத்தைக் கட்டித் தொட்டியில் விட்டேன். நின்றது. தள்ளினால் சாய்ந்து, தானே நிமிர்ந்தது. தண்ணீரை அலைத்துப் பார்த்தேன், அப்போதும் நிமிர்ந்தது.

தொட்டியிலிருந்து ஒரு கையால் தூக்கினேன். கனம் தாங்காமல் மறுபடி தண்ணீருக்குள்ளேயே போட்டுவிட்டேன். நிற்கிற கனம் இருந்தால் என்னால் தூக்க முடியாது, தூக்குகிற கனம் இருந்தால் அதனால் நிற்க முடியாது. இரண்டு நாள் இதிலேயே போயிற்று.

பிறகு துடுப்பின் நுனியில் ஒரு பை மாதிரி வெட்டினேன். ஈயம் அதில் நுழையும், ஒரு குச்சியைச் சொருகினால் விழாது. தரையில் கழற்றிக்கொள்ளலாம், தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். படகு ஒரு கைக்கு, ஈயம் வேறொரு ஆளுக்கு. சட்டைப் பையில் போட்டுப் பார்த்தேன், இடுப்பு ஒரு பக்கம் இழுக்கிறது.

மனோஜ் ஒரு யோசனை சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காவல்காரரையும் இன்னொரு ஆளையும் கூப்பிட்டு, என்னை ப்ளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுபோவார்களாம்.

“என்னைச் சுமந்துட்டுப் போக நான் என்ன நெல்லு மூட்டையா?” என்றேன்.

“அப்போ எப்படித்தாங்கப்பா போவீங்க?”

“நடந்து.”

“நடந்துன்னா நான் கையப் புடிச்சுக்குவேன்.”

“கையப் புடிச்சா நான் வரல.”

வினிதா நடுவில் வந்து, “பூட்டத் தொறந்து உடுங்க, நாம பின்னாடியே போலாம். தொட வேண்டாம்” என்றாள். அவன் ஒரு வாரம் இழுத்துவிட்டுச் சரி என்றான். நவம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தேதியை நீ யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஈயக்குண்டுகளைத் திருப்பி உனக்கே பார்சல் போட்டிருக்கிறேன். அவற்றை நீயே கொண்டு வா. கீழ் முனையில் பெரியவை, மேலே சின்னவை. குச்சியைப் பின்பக்கமிருந்து சொருக வேண்டும். பாய்மரம் கழன்று வரும், படகின் மூக்கில் ஒரு துளை இருக்கிறது, அதில் நூலைக் கட்டினால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். எல்லாம் நான் பக்கத்தில் இருந்தே சொல்வேன். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மாதப்பன்


மாதேஸ்வரன் காப்பு

மார்டள்ளி
2-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளித்திருப்பீர்கள். நான் சுகம். ஈயம் என் முந்தானையில் முடிந்திருக்கிறது. பத்தாம் தேதி விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறி, கொள்ளேகாலில் மாறி வருகிறேன். சாயங்காலம் திரும்ப வேண்டும். கதிர் அறுத்துக் களத்தில் கிடக்கிறது, ராத்திரிக் காவலுக்கு ஆள் இல்லை. உங்கள் மாடி என் முழங்காலுக்கு ஆகுமா தெரியவில்லை. கீழேயே நிற்கிறேன், நீங்கள் இறங்கி வாருங்கள்.

தங்கச்சி
மாரக்காள்


மாதேஸ்வரன் காப்பு

மார்டள்ளி
15-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு மாரக்காள் கும்பிட்டு எழுதியது.

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். கால் வீங்கியிருக்கிறது, சரியாகிவிடும். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? அன்று முகம் கொடுத்துப் பேச நேரமில்லை. கெரெவிலிருந்து அப்படியே வினிதா என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். அதனால் நடந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டீர்கள் என்று மனோஜ் மேலிருந்து கத்தினான். முகமெல்லாம் வேர்த்து, கம்பியைப் பிடித்த கை வெளுத்துப் போயிருந்ததாம். ஸ்ரீதேவி நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லையாம். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உங்களை எனக்குத் தெரியும். நான் முதல் மாடிவரை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அதற்குமேல் கால் வரவில்லை. அண்ணாந்து பார்த்தால் படிகளின் சந்தில் உங்கள் முகம் மட்டும் தெரிந்தது. இளைத்துவிட்டீர்கள்.

நான் ஏதோ சொன்னேன், உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் ஏதோ சொன்னீர்கள், எனக்கும் எட்டவில்லை. அப்புறம் அந்தச் சந்து வழியாக நூலில் கட்டி, மூக்கைக் கீழே வைத்துப் படகை இறக்கினீர்கள். கைக்கு வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பெரிசுக்கு எடையே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் கையால் போ போ என்று காட்டினீர்கள்.

கெரெக் கரையில் காவல்காரர் பிடித்துக்கொண்டார். “அஜ்ஜி, இதெல்லா இல்லி பிடங்கில்ல” என்றார். இதெல்லாம் இங்கே விடக்கூடாதாம். “எங்க அண்ணன் இடுப்பு எலும்புங்க சாமி இது, பாருங்க” என்று மேல்தளத்தைக் காட்டினேன். அவர் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார், திருகாணியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி பீடி பற்றவைத்துக்கொண்டார்.

நீங்கள் எழுதின மாதிரியே ஈயத்தைப் போட்டேன். பெரியவை கீழே, சின்னவை மேலே. குச்சியைப் பின்பக்கமிருந்து சொருகினேன். வினிதா முட்டிவரை இறங்கி நூலைப் பிடித்துக்கொண்டாள். விட்டதும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. காற்று பின்னாலிருந்து வந்தது. பாய் புடைத்து, வாத்துகளுக்கு நடுவே நேராகப் போயிற்று. எந்தப் பக்கமும் சாயவில்லை. வினிதா கை தட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிர் வருகிறது, காதுக்குத் துணி கட்டுங்கள்.

தங்கச்சி
மாரக்காள்


மைசூரு
27-11-2024

தங்கை மாரக்காளுக்கு அண்ணன் மாதப்பன் எழுதுவது.

இடுப்பு வலி குறைந்தது. உன் கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. களத்துக் காவலுக்கு ஆள் வை, நீ போய் உட்காராதே.

அன்று உங்கள் ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. கடைசியில் மனோஜ் என் கையைப் பிடித்தான். நான் உதறவில்லை. இதை நீ வினிதாவிடம் சொல்ல வேண்டாம், அவன் ஏற்கெனவே சொல்லியிருப்பான்.

சாயங்காலம் வந்ததும் வினிதாவிடம் படகு எங்கே என்றேன். “அம்மா ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க மாமா” என்று காதருகே சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். உன் கடிதம் வரும்வரை அதையே நம்பியிருந்தேன்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காவல்காரர் பீடி பற்றவைத்ததுவரை எழுதியிருக்கிறாய். இரண்டரை அடிப் படகை மடியில் வைத்துக்கொண்டு கொள்ளேகால் பஸ்ஸில் போயிருந்தால், கண்டக்டர் என்ன கேட்டார், பக்கத்து சீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பாய். ஒரு வரியும் இல்லை. நேராகப் போயிற்று என்று எழுதினாய். திரும்பி வந்தது என்று எழுதவில்லை.

நூல் அறுந்ததா, வினிதா விட்டாளா, நீ விடச் சொன்னாயா என்று நான் கேட்கமாட்டேன். நீங்கள் இருவரும் என்னிடம் சொல்லாமல் செய்கிற காரியங்களுக்கு நான் பழகிவிட்டேன். உன்மேல் கோபம் போய்விட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதே.

கிரில் சாவி இப்போது வாசலுக்கு உள்பக்கம் ஆணியில் தொங்குகிறது. வினிதா மாட்டிவைத்தாள், மனோஜ் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறான். நான் இன்னும் அதைத் தொடவில்லை. பால்கனியில் நின்று என் ஒரு முழத் தண்ணீரைத்தான் பார்க்கிறேன். போன ஞாயிறு அதன் அந்தக் கோடியில், கோரைப்புல் ஓரமாக, வெள்ளையாக ஒன்று தெரிந்தது. மனோஜிடம் காட்டினேன். கொக்கு என்றான். போய்ப் பார்த்து வரட்டுமா என்றும் கேட்டான். வேண்டாம் என்றேன். நீயும் யாரையும் அனுப்பாதே. என் எலும்பு அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

கொக்கு என்றால் பொழுது சாய்ந்ததும் பறந்துவிடும். நான் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடித்தபோது ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிறவரை நிமிர்ந்துதான் நின்றது.

பதில் எழுது.

அண்ணன்
மாதப்பன்